வீல் கப் கழலவில்லை, நிற்கவில்லை, சத்தம் போடுகிறது: பழைய கார்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீல் கப்பில் தொந்தரவு என்று வருகிறவர்கள் கப்பை மட்டும்தான் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். சக்கரம் காரோடு வீட்டில் நிற்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கப் வெறும் மூடி. அதைப் பிடித்து வைத்திருப்பது சக்கரத் தட்டில் இருக்கும் சின்னக் குமிழ்களோ கிளிப்புகளோதான். அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கப்பின் விளிம்பைத் தட்டி வளைக்கிறார்கள். ஐம்பது வருடம் தாங்கிய கப் ஒரே மாலையில் பாழாகிறது. அதனால் கீழே எந்தக் கோளாறுக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் சக்கரம், அடுத்து கிளிப், வேறு வழியே இல்லையென்றால் கப்.

அதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். மோரிஸ் மைனர், அம்பாசடர், பழைய பீட்டில், பழைய பென்ஸ் போன்றவற்றில் நடுவில் மட்டும் உட்காரும் சின்ன வட்டக் கப். உள்ளே மடிந்த அதன் விளிம்பு, சக்கரத்தில் இருக்கும் குமிழ்களையோ ஸ்பிரிங் கிளிப்புகளையோ தாண்டி ‘டக்’கென்று உட்காரும், எவர்சில்வர் தூக்கின் மூடி மாதிரி. இரண்டாவது, முழுச் சக்கரத்தையும் மூடும் பெரிய தட்டு. ஐம்பது அறுபதுகளின் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இதுதான். பிற்காலத்தில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அலங்காரமாக வாங்கி மாட்டிய செட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். இதில் பிடிமானம் கப்பிலேயே இருக்கிறது. பின்பக்கம் சுற்றிலும் உள்ள பற்கள் ரிம்மின் உள்விளிம்பைக் கவ்வும். மூன்றாவது, மரை போட்டுத் திருகுகிற வகை. ஃபோர்டு மாடல் டி-யில் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேல் திருகும் மூடி, கம்பிச் சக்கரம் போட்ட எம்.ஜி., ஜாகுவார் வண்டிகளில் காது வைத்த நடு நட். இந்த மூன்றாவது வகையை நெம்பவே கூடாது. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் (பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அதன் ஒரு முனை தட்டையாக இருந்தால், அது கப்பை நெம்பத்தான்), அகலமான பிளாஸ்டிக் நெம்பி ஒன்று, ரப்பர் சுத்தியல், சின்னக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூக்குக் குறடு, துரு இளக்கும் எண்ணெய், நிறைய பனியன் வேஸ்ட். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதன் முனை நான்கைந்து மில்லிமீட்டர்தான் அகலம். மொத்த விசையும் அந்த இடத்தில் குவிந்து, கப்பின் விளிம்பில் பள்ளம் விழும். வண்டி சமதரையில், சக்கரம் தரையில் ஊன்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுத்து நிற்கட்டும். கப் வேலைக்கு ஜாக்கி ஏற்ற வேண்டாம். ஜாக்கியில் நிற்கும் வண்டியைப் பக்கவாட்டில் நெம்புவது ஆபத்து.

கப் கழலவே மாட்டேன் என்கிறது

முதலில் விளிம்பை ஒரு சுற்று நன்றாகப் பாருங்கள். எங்கேயாவது பெயிண்ட் கப்பையும் சக்கரத்தையும் சேர்த்து ஒட்டியிருக்கிறதா? சக்கரத்துக்கு ஸ்ப்ரே அடித்தவர் கப்பைக் கழற்றாமல் மேலே காகிதம் ஒட்டி அடித்திருந்தால் இப்படித்தான் இருக்கும். பிளேடால் அந்தக் கோட்டைச் சுற்றிலும் கீறி விட்டாலே பாதிக் கப்புகள் வந்துவிடும். சிலிக்கோன் பசை தெரிந்தால், கப் நிற்காமல் தொல்லை கொடுத்ததால் முந்தைய உரிமையாளர் ஒட்டிவிட்டார் என்று அர்த்தம். அதை மெல்லிய நைலான் நரம்பால் அறுத்து எடுங்கள். கழற்றியதும் நேராக அடுத்த தலைப்புக்குப் போங்கள். உங்கள் நிஜப் பிரச்சினை அங்கே இருக்கிறது.

பெயிண்டும் இல்லை, பசையும் இல்லை என்றால் துரு. விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ரப்பர் சுத்தியலால் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். நடுவில் தட்டக் கூடாது. நடு உப்பல் மெல்லிய தகடு. உள்ளே அமுங்கினால் வெளியே எடுக்க டிங்கர் வேலை தேவைப்படும். தட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எண்ணெய் ஊறத்தான் நேரம் வேண்டும், அடிக்கு அல்ல.

இப்போது நெம்ப வேண்டிய இடம். பெரும்பாலானவர்கள் கை எட்டும் இடத்தில், அதாவது மேலே, நெம்பியைச் செருகுவார்கள். கப் எங்கே பிடித்திருக்கிறதோ அங்கேதான் நெம்ப வேண்டும். இரண்டு குமிழ்களுக்கு நடுவில் அல்ல. நடுவில் நெம்பினால் தகடு வளைந்து கொடுக்குமே தவிர குமிழை விட்டு வராது. கை விட்டதும் பழைய இடத்துக்கே போகும், அல்லது கொஞ்சம் வளைந்தபடியே நிற்கும். குமிழ் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்டெப்னியை எடுத்துப் பாருங்கள். அதே வகைச் சக்கரம், கப் இல்லாமல் டிக்கியில் கிடக்கிறது. வால்வு ஓட்டையிலிருந்து குமிழ்கள் எத்தனை விரல் தள்ளி இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, மாட்டியிருக்கும் சக்கரத்தில் அதே இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள்.

குறித்த இடத்துக்குப் பக்கத்தில் நெம்பியின் தட்டை முனையைக் கப்பின் விளிம்புக்கு அடியில் விடுங்கள். சக்கரத்தின் பெயிண்டில் ஊன்றும் இடத்தில் நாலாக மடித்த பனியன் வேஸ்ட். பிடியைச் சக்கரத்தை நோக்கி அழுத்தினால் முனை கப்பை வெளியே தள்ளும். ஒரே அழுத்தில் வரவழைக்கப் பார்க்காதீர்கள். ஒரு குமிழில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம், மறுபடி முதலாவதில். ஒரு கை எப்போதும் கப்பின் முகத்தில் இருக்கட்டும். இறுக்கமான கிளிப் விட்டுக் கொடுக்கும்போது கப் துள்ளி வரும். சிமெண்ட் தரையில் விழுந்தால் குரோம் பெயரும், முகத்துக்கு நேராக வந்தால் சொல்லவே வேண்டாம்.

பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த நெம்பும் வேலையே இல்லை. வண்டியோடு கொடுத்த கருவிப் பையில் கம்பி வளைத்துச் செய்த ஒரு கொக்கி இருக்கும். அதைக் கப்பில் மாட்டி, வீல் ஸ்பேனரின் தண்டைக் குறுக்கே கொடுத்து இழுத்தால் வந்துவிடும். அசல் கொக்கி தொலைந்திருந்தால் கெட்டியான கம்பியில் நீங்களே வளைத்துக்கொள்ளலாம்.

முழுத் தட்டு வகையில் பற்கள் சுற்றிலும் இருப்பதால் குமிழ் தேடும் வேலை இல்லை. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஆரம்பித்து இரண்டு பக்கமும் சமமாக நகர்ந்து வாருங்கள். வால்வுக்குப் பக்கத்தில் கடைசியாகத்தான் போக வேண்டும். அங்கே நெம்பி சறுக்கினால் ட்யூபின் கழுத்து போய்விடும்.

நீண்ட ஓட்டம் முடிந்து வந்த உடனே இந்த வேலையைத் தொடாதீர்கள். டிரம் பிரேக் சூடு ஹப் வழியாகக் கப்புக்கும் வரும்.

ஓடும்போது கழன்று விழுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதோ குழியில் விழும்போதோ கப் தனியாக உருண்டு சாலையோரம் போகும். கப்பின் விலையை விட, பக்கத்தில் வரும் பைக்காரர் மீது அது மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிற்காத கப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஓட்டுவது கெளரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கோளாறு கப்பிலா சக்கரத்திலா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். விழும் கப்பை நன்றாக நிற்கும் இன்னொரு சக்கரத்தில் மாட்டுங்கள். அந்தச் சக்கரத்தின் கப்பை இங்கே மாட்டுங்கள். இடம் மாறிய பிறகும் அதே சக்கரத்திலிருந்தே விழுந்தால் சக்கரத்தில் கோளாறு. கப்போடு சேர்ந்து கோளாறும் இடம் மாறினால் கப்பில் கோளாறு. இரண்டும் விழுந்தால், செட்டே வேறு வண்டியுடையதாக இருக்கலாம்.

இந்தக் கடைசி விஷயம் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து 1950களின் பிற்பகுதியில் கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசடர், 2014 வரை வந்தது. அந்த அரை நூற்றாண்டில் கம்பெனிக் கப், ஸ்பேர் கப், யாரோ ஒருவர் அச்சு வைத்து அழுத்தி விற்ற கப் என்று எத்தனையோ சந்தைக்கு வந்துவிட்டன. சென்னைப் புதுப்பேட்டையில் போய் ‘அம்பாசடர் கப்’ என்று கேட்டால் நாலு விதம் எடுத்துப் போடுவார்கள். நாலும் அம்பாசடர் கப்தான். வாங்கப் போகும்போது உங்கள் சக்கரத்தின் அளவு இல்லாமல் போகாதீர்கள். ஸ்டெப்னியையே ஆட்டோவில் போட்டு எடுத்துப் போவது இன்னும் உத்தமம். அங்கேயே மாட்டிப் பார்த்து, தலைகீழாகத் தூக்கி உலுக்கி, நின்றால் வாங்கலாம்.

அளவு எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு குமிழ் இருந்தால் எதிரெதிர் குமிழ்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்தால் முடிந்தது. மூன்று குமிழ் என்றால் எதிரில் எதுவும் இல்லை. சக்கரத் தட்டின் நடு ஓட்டை வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். அதன் விளிம்பிலிருந்து ஒவ்வொரு குமிழின் வெளி நுனிக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஓட்டையின் ஆரத்தைக் கூட்டுங்கள். மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் குமிழ்தான் குற்றவாளி. சராசரியை இரட்டித்தால் வரும் அளவை விடக் கப்பின் மடிப்பு விளிம்பின் உள்விட்டம் சற்றே குறைவாக இருக்க வேண்டும். அந்தச் சற்றேதான் பிடிமானம்.

அளவுகோல் பிடிக்க அலுப்பாக இருந்தால் குங்குமத்தை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்து ஒவ்வொரு குமிழின் மேலும் மெல்லிசாகத் தடவுங்கள். கப்பை மாட்டி, கழற்றி, விளிம்பின் உள்பக்கத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நன்றாகப் பிடிக்கும் குமிழ் விளிம்பின் மடிப்பில் அழுத்தமான சிவப்புத் தீற்றலை விட்டிருக்கும். நடுவில் உலோகம் பளிச்சென்று துடைபட்டிருக்கும். சும்மா உரசும் குமிழ் மங்கலாக ஒரு புள்ளி வைக்கும். தொடவே தொடாதது ஒன்றும் வைக்காது. எங்கே வேலை செய்ய வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்லாது.

தளர்ந்தது ஸ்பிரிங் கிளிப் என்றால் மூக்குக் குறடால் அதன் நுனியை வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் வளைத்து, மாட்டிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். ஸ்பிரிங் இரும்பு, ஒரேயடியாக வளைத்தால் முறியும். சூடு காட்டி வளைக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். பழுக்கக் காய்ச்சினால் அதன் விறைப்பு போய்விடும். வளைந்த இடத்திலேயே சாதுவாக நிற்கும், திரும்பி அழுத்தாது. கிளிப் உடைந்தே போயிருந்தால் பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதுக் கிளிப்பை ரிவிட் அடிக்க வேண்டும். மைனர், பீட்டில் இரண்டுக்கும் கிளிப்புகள் வெளிநாடுகளில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. மற்ற வண்டிகளுக்குப் பழைய சக்கரத்திலிருந்து எடுப்பதுதான் வழி.

தளர்ந்தது சக்கரத் தட்டிலேயே புடைத்து வந்த கெட்டிக் குமிழ் என்றால், முதலில் அதன் மேல் எத்தனை அடுக்குப் பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். பெயிண்ட் அதிகமானால் கப் இன்னும் இறுகத்தானே வேண்டும் என்று தோன்றும். முதல் வாரம் இறுகும். பிறகு விளிம்பு உரசி உரசி அந்தப் பெயிண்ட் பொடியும், ஈரம் உள்ளே போகும், துரு பிடிக்கும், குமிழ் தேயும். சக்கரத்துக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கிறவர்கள் குமிழ்களின் மேல் டேப் ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பவுடர் பூச்சு ஒரு பக்கம் 0.1 மி.மீ. வரை வரும், எதிர்ப்பக்கமும் சேர்த்தால் இரட்டிப்பு. இந்த மாதிரிப் பிடிமானத்தில் அது பெரிய அளவு. பூசியாகிவிட்டது என்றால் குமிழின் மேல் மட்டும் உப்புத்தாள் போட்டு உலோகம் வரை எடுத்து, லேசாக கிரீஸ் தடவி வையுங்கள்.

தேய்ந்து மழுங்கிய குமிழை வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்து, அரத்தால் ராவி உயர்த்தலாம். நல்ல வெல்டருக்குச் சின்ன வேலை. ஆனால் டயரும் ட்யூபும் சக்கரத்தில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்ற சமாதானமும் வேண்டாம். சூடேறும் டயருக்குள் வாயு சேர்ந்து வெடித்து உயிர் போயிருக்கிறது. டயரைக் கழற்றி, வெறும் சக்கரத்தை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். ‘ஒரு நிமிஷ வேலை சார்’ என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து, சக்கரத்தில் குறையே இல்லை என்று ஆன பிறகுதான் கப். பலமுறை தப்பான இடத்தில் நெம்பிய கப்பின் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அதைக் கவிழ்த்து, முகம் கீழாக, மடித்த கம்பளி மேல் வையுங்கள். குங்குமம் மங்கலாக விழுந்த இடத்தில் மட்டும் கொட்டாப்புளியால் விளிம்பை உள்பக்கமாக மெல்லத் தட்டுங்கள். சுற்றிலும் தட்ட வேண்டாம், வட்டம் கெட்டுவிடும். குரோம் கடினமான பூச்சு. தகடு வளையும்போது அது கூடவே வளையாமல் மயிரிழை வெடிப்பாகப் பிளக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் பழுப்புக் கோடாகத் தெரியும். கப்பைக் கடைசியில் தொடச் சொல்வது இதனால்தான்.

முழுத் தட்டு வகையில் இந்த வரிசை கொஞ்சம் மாறும். பிடிக்கும் பற்கள் கப்பிலேயே இருக்கின்றன. மழுங்கிய பற்களை ஒவ்வொன்றாகக் குறடால் சற்று வெளியே வளைக்கலாம். அப்போதும் ரிம்மின் உள்விளிம்பில் கட்டியிருக்கும் சேற்றையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகே பற்களைத் தொடுங்கள். சேற்றைக் கவ்விய பல் எவ்வளவு நாள் நிற்கும்?

மாட்டும்போது ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புகிறது

பாதி நேரம் இது கோளாறே இல்லை, மாட்டும் முறைதான். கப்பை நேராக வைத்து நடுவில் ஓங்கிக் குத்தினால் மூன்று குமிழும் ஒன்றாக உள்ளே போகாது. கீழே உள்ள இரண்டு குமிழ்களில் விளிம்பை முதலில் கொக்கி மாதிரி மாட்டி, முழங்காலாலோ இடக் கையாலோ அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குமிழுக்கு நேராக, விளிம்பை ஒட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே தள்ளு. ரப்பர் சுத்தியல் என்றாலும் இதே இடத்தில்தான். சத்தத்தைக் கவனியுங்கள்: உட்கார்ந்த கப்பில் தட்டினால் மந்தமான சத்தம் வரும், உட்காராதது தகரம் மாதிரி ஒலிக்கும். கம்பெனிச் சின்னம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பவர்கள் அதை மாட்டும் முன்பே வால்வுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு திருகினால் குமிழ் பெயிண்டைச் சுரண்டும். நான்கு சக்கரத்திலும் வால்வு ஒரே பக்கம் வரும்படி நிறுத்தி, சின்னம் எல்லாம் நிமிர்ந்திருக்கப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தடி நகர்ந்தால் எல்லாம் கலைந்துவிடும், ஆனாலும் அந்த ஆசை புரிகிறது.

முறையாக மாட்டியும் எழும்புகிறது என்றால் உள்ளே ஏதோ முட்டுகிறது. கப்பின் உள்முகத்தை விளக்கு வைத்துப் பாருங்கள். நட் முட்டினால் நட் இருக்கும் வட்டத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கும். யாராவது நீளமான நட்டோ, நட்டுக்குக் குரோம் தொப்பியோ, கூடுதல் வாஷரோ போட்டிருப்பார்கள். நடுவில் மட்டும் தடம் இருந்தால், ஹப்பின் கிரீஸ் மூடி முழுதாக உள்ளே இறங்கவில்லை. பேரிங் வேலை பார்த்தபோது அரைகுறையாக அடித்திருப்பார்கள். இதைச் சாதாரணமாக விடக் கூடாது. வெளியே நிற்கும் கிரீஸ் மூடி ஒருநாள் கழன்றால் பேரிங்குக்குள் மண் போகும்.

‘கடகட’ சத்தம்

கப்பைச் சந்தேகிப்பதற்கு முன் வீல் நட்டுகளைச் சோதியுங்கள். தளர்ந்த நட்டின் சத்தமும் தளர்ந்த கப்பின் சத்தமும் உள்ளே இருப்பவர் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஒன்று தொல்லை, மற்றது விபத்து. நான்கு கப்பையும் கழற்றி, எல்லா நட்டையும் எதிரெதிராக இறுக்கி, கப் இல்லாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சத்தம் போய்விட்டதா? இறுக்கியபோது எந்த நட்டும் தளர்ந்திருக்கவில்லை என்றால் கப்தான். ஒவ்வொன்றாக மாட்டிச் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

கப்புக்குள் சரளைக்கல் கிடக்கலாம், பஞ்சர் கடையில் விழுந்த வாஷர் கிடக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு குமிழ் தளர்வாக இருக்கும். குங்குமச் சோதனைக்குப் போங்கள். சத்தம் நிற்க ஸ்பாஞ்சோ துணியோ உள்ளே திணிப்பது ஊர் வழக்கம். வேண்டாம். மழைத் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும், கப்பும் சக்கரமும் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அவசரத்துக்குப் பழைய சைக்கிள் ட்யூபில் விரல் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, தளர்ந்த குமிழின் மேல் மட்டும் வைத்துக் கப்பை மாட்டலாம். ஊர் போய்ச் சேர அது போதும். நிரந்தர வைத்தியம் கிளிப்தான்.

மெதுவாகப் போகும்போது மட்டும் ‘கிரீச் கிரீச்’

முழுத் தட்டு வகைக்கே உரிய வியாதி. வண்டியின் பாரத்தில் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவு நெளியும். கப் நெளியாது. பற்கள் ரிம்மில் உரசிக் கத்தும். வேகமெடுத்தால் காற்றுச் சத்தத்தில் இது கேட்காது. கப்பைக் கழற்றி, பற்களையும் ரிம் விளிம்பையும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸையோ கெட்டி மெழுகையோ மெல்லிசாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் பற்கள் வழுக்கி அடுத்த கோளாறு வரும்.

வால்வு சாய்ந்திருக்கிறது, காற்று இறங்குகிறது

முழுத் தட்டு வகையில், கப் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிச் சுழல்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் நழுவும். வால்வு ஓட்டையின் கூர்மையான தகட்டு விளிம்பு, வால்வின் கழுத்தை ஒரே பக்கமாக அழுத்திக் கடைசியில் அறுத்துவிடும். ட்யூப் டயர் என்றால் காற்று மெதுவாக இறங்காது, மொத்தமாகப் போகும். ஓடும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாய்ந்த வால்வைப் பார்த்த அன்றே கப்பைக் கழற்றுங்கள். பற்களைச் சரி செய்து மாட்டிய பின், கப்பின் விளிம்பிலிருந்து ரிம் வரை ஒரு சாக்பீஸ் கோடு போட்டுச் சில நாள் ஓட்டுங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் நழுவல் நின்றது. கோடு விலகினால் அந்தக் கப்பை அந்த ரிம்முக்கு இனிப் போடாதீர்கள். வால்வு ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடுவது அறுபடுவதைத் தள்ளிப்போடும், நழுவலை நிறுத்தாது.

குரோமில் புள்ளித் துரு, நெம்பிய தழும்பு

காந்தத்தை வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ அலுமினியமோ. இரும்பின் மேல் குரோம் என்றால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேலோட்டமான துரு போகும். பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் புளியை இங்கே கொண்டு வராதீர்கள். பூச்சில் ஊசித் துளைகள் இருந்தால் புளியின் அமிலம் அவற்றின் வழியாக அடித்தகட்டை அரிக்கும். பூச்சு பெயர்ந்து தகடு தெரிந்தால் பாலிஷ் பயன்படாது, மறு முலாம்தான். முலாமுக்குக் கொடுக்கும் முன் ஒடுக்கு எடுத்து, சக்கரத்தில் மாட்டி, பிடிமானம் சரிபார்த்துவிடுங்கள். முலாம் போட்ட பிறகு விளிம்பைத் தட்டினால் கொடுத்த காசு அந்த வெடிப்பிலேயே போய்விடும்.

நடு நட் அசைய மாட்டேன் என்கிறது

கம்பிச் சக்கர வண்டிகளில் நடுவில் இருப்பது அலங்காரக் கப் அல்ல. சக்கரத்தையே பிடித்திருக்கும் நட். அசையவில்லை என்றால் துருவை விட அதிகமாகக் காரணமாவது, தப்பான பக்கம் திருப்புவது. இந்த வகைப் பிரிட்டிஷ் சக்கரங்களில் வண்டியின் இடப்பக்க நட்டுக்குச் சாதாரண மரை, வலப்பக்க நட்டுக்கு இடது மரை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ, அந்தப் பக்கம் அடித்தால் கழலும், எதிர்ப்பக்கம் அடித்தால் இறுகும். பெரும்பாலான நட்டுகளின் முகத்திலேயே கழற்றும் திசைக்கு அம்புக்குறி வெட்டியிருக்கும். யாராவது ஹப்பை இடம் மாற்றி மாட்டிய வண்டியாக இருந்தால் அம்புக்குறியையும் நம்ப வேண்டாம், மரையைத்தான் நம்ப வேண்டும். இடமும் வலமும் மாறிப்போன வண்டியில் நட் ஓட ஓடத் தானாகக் கழலும், அதை ஓட்டாதீர்கள்.

அடிக்கச் செம்புச் சுத்தியலோ ஈயச் சுத்தியலோ தோல் முகம் வைத்ததோ வேண்டும். இரும்புச் சுத்தியல் காதைச் சப்பையாக்கிவிடும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே முதல் அடியைக் கொடுத்து இளக்கி, பிறகு ஜாக்கியில் ஏற்றிக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது மரையிலும் ஹப்பின் வரிப்பற்களிலும் கிரீஸ் தடவுங்கள். ஜாக்கியில் இருக்கும்போதே கையால் முடிந்தவரை திருகி, சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, தரையில் இறக்கிய பிறகு முழுதாக இறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை அடித்துப் பாருங்கள். அநேகமாக இன்னும் கொஞ்சம் இறுகும்.

மாடல் டி போன்ற பழைய வண்டிகளின் திருகு மூடிக்கு அதற்குரிய பெரிய ஸ்பேனர் உண்டு. பைப் ரெஞ்ச் போட்டால் அறுகோண முனைகள் உருண்டுவிடும். அந்த மூடிக்குள் கிரீஸ் இருக்கும், இருக்க வேண்டும். காய்ந்து போயிருந்தால் மூடியை அப்படியே திருப்பி மாட்டாமல், பேரிங்கைக் கழற்றிப் பார்க்கும் வேலையை அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.